35 கிலோவாட் பாய்லர் இருந்தும் தரை சூடாகல, 40க்கு மாத்தணுமா?

வணக்கம் தங்கச்சி. போட்டோவும் அனுப்பி, பாய்லர் மாடலும் எழுதி, மீட்டர் ரீடிங்கும் குடுத்திருக்கீங்க, இப்படி எழுதினா பதில் சொல்றவனுக்கு பாதி வேலை மிச்சம். மத்தவங்களுக்கும் புரியணும்னு உங்க விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். லண்டன் ஹாரோல 1930கள்ல கட்டின செமி வீடு (ஒரு பக்க சுவரு பக்கத்து வீட்டோட ஒட்டினது), போன வருஷம் பின்பக்கம் 6க்கு 5 மீட்டர்ல எக்ஸ்டென்ஷன் எடுத்து கிச்சனும் டைனிங்கும் ஒண்ணாக்கிருக்கீங்க, அங்க மட்டும் தரைக்கடியில ஹீட்டிங் பைப், மேல எஞ்சினியர்டு வுட், வீட்டோட மத்த இடமெல்லாம் ரேடியேட்டர். புதுசா 35 கிலோவாட் கேஸ் காம்பி பாய்லர். பிரச்சனை என்னன்னா பாய்லர் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் எரியுது, அணையுது, திரும்ப எரியுது, தரையில கால் வச்சா சூடே தெரியல, வெளிய 4 டிகிரி இருந்த அன்னைக்கு உள்ள 19க்கு மேல ஏறவே இல்ல, ஊர்ல இருந்து வந்திருக்கற மாமியார் சாக்ஸ் மேல சாக்ஸ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. மாட்டினவர கூப்ட்டா "லோடு தாங்கல, 40 கிலோவாட் போடணும்"ங்கறாரு.

போடாதீங்க. உங்க பாய்லர் சின்னதா இருக்கறது பிரச்சனையே இல்ல, அந்த ரூமுக்கு அது ரொம்ப பெருசா இருக்கறதுதான் பிரச்சனைல பாதி. மீதி பாதி நீங்க அனுப்பின போட்டோலயே இருக்கு, அதுக்கு வரேன்.

முதல்ல இந்த 35ங்கற நம்பர் எதுக்குன்னு புரிஞ்சுக்கணும். காம்பி பாய்லர்ல பெரிய நம்பர் போட்டு விக்கறது வீட்ட சூடாக்க இல்ல, குளிக்கற வெந்நீருக்கு. டேங்க் இல்லாம ஓடற தண்ணிய ஓடற ஓட்டத்துலயே சூடாக்கணும், ஜனவரில மெயின்ஸ் தண்ணி 7 டிகிரிக்கு வந்தா ஷவருக்கு 42 ஆக்கணும், அதாவது 35 டிகிரி ஏத்தணும், அதுக்கு 35 கிலோவாட் இருந்தா நிமிஷத்துக்கு 14 லிட்டர் கிடைக்கும், 24 கிலோவாட்டா இருந்தா 10 லிட்டருக்கு கொஞ்சம் கம்மியா கிடைக்கும், 40 போட்டா 16. ரெண்டு பாத்ரூம்ல ஒரே நேரத்துல குளிக்கணும்னா அந்த 16 உதவலாம். அதுவும் தெருவுலருந்து உங்க வீட்டுக்குள்ள வர்ற தண்ணியே நிமிஷத்துக்கு 12 லிட்டர்தான்னா 40 போட்டும் ஒரு பிரயோஜனமும் இல்ல, ஒரு பக்கெட்ட கிச்சன் டேப்புக்கு கீழ வச்சு முழுசா தெறந்து போன்ல டைம் பாத்தீங்கன்னா தெரிஞ்சுடும். ஹீட்டிங்குக்கும் இந்த கணக்குக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி உங்க எக்ஸ்டென்ஷனுக்கு எவ்வளவு வேணும்? இத யாரும் உங்களுக்கு போட்டு காட்டல, இங்க போட்டுடலாம். இங்கிலாந்துல 2022 ஜூன்ல வந்த பில்டிங் ரெகுலேஷன் படி எக்ஸ்டென்ஷன் சுவரு வழியா ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.18 வாட்டுக்கு மேல சூடு போகக்கூடாது, தரைக்கும் அதே 0.18, கூரைக்கு 0.15, கண்ணாடி கதவுக்கு 1.4, கூரைல வைக்கற ஸ்கைலைட்டுக்கு 2.2. நீங்க குடுத்த அளவுப்படி சுவரு கிட்டத்தட்ட 32 சதுர மீட்டர், மடக்கு கதவு 8.4, ஸ்கைலைட் 2, கூரை 28, தரை 30. பெருக்கி கூட்டினா சுவரு 6, கதவு 12, ஸ்கைலைட் 4, கூரை 4, தரை 5, எல்லாம் சேந்து 31 வாட். அப்புறம் காத்து, ரூமோட கொள்ளளவு 75 க்யூபிக் மீட்டர், மணிக்கு ஒருதடவ உள்ள இருக்கற காத்து முழுக்க மாறுதுன்னு வச்சா இன்னொரு 25. ஆக டிகிரிக்கு 56 வாட். வெளிய மைனஸ் 3, உள்ள 21ன்னா வித்தியாசம் 24 டிகிரி, 56ஐ 24ஆல பெருக்கினா 1350 வாட். அவ்வளவுதான்! லண்டன்ல வர்ற மோசமான ராத்திரிக்கு அந்த பெரிய கிச்சனுக்கு வேண்டியது ஒன்றேகால் ஒன்றரை கிலோவாட், ஒரு கெட்டில் இழுக்கற கரண்ட்ல பாதி. இதுக்குப் போய் 40 கிலோவாட் கேக்கறது.

வீடு முழுசுக்கும் கூட பாருங்க, ஜனவரில குளிர் வாரத்துல ஒரு நாளைக்கு 13 க்யூபிக் மீட்டர் கேஸ் போச்சுன்னு எழுதிருக்கீங்க, அன்னைக்கு சராசரி வெளிய 3 டிகிரின்னும் சொல்லிருக்கீங்க. ஒரு க்யூபிக் மீட்டர்னா கிட்டத்தட்ட 11.2 யூனிட், அதாவது கிலோவாட்-அவர், ஆக 145. பாய்லர் சிம்னில விடற நஷ்டத்தையும் குளியல் சமையலையும் கழிச்சா வீட்டுக்குள்ள போனது ஒரு 115ன்னு வைங்க, 24 மணி நேரத்துக்கு வகுத்தா 4.8 கிலோவாட். வீடு சராசரி 19.5, வெளிய 3, வித்தியாசம் 16.5, அதையே 24 டிகிரி வித்தியாசத்துக்கு நீட்டினா 7 கிலோவாட். புது எக்ஸ்டென்ஷனும் சேத்து மொத்த வீட்டுக்கும் 7, சந்தேகத்துக்கு 8ன்னு வச்சுக்கோங்க. (பழைய மீட்டரா இருந்து க்யூபிக் அடில காட்டினா 100 க்யூபிக் அடிய 2.83 க்யூபிக் மீட்டர்னு மாத்திக்கணும், இத மறந்து பயந்து எனக்கு எழுதறவங்க வருஷா வருஷம் வர்றாங்க.) சாஃப்ட்வேர் போட்டு ரூம் ரூமா கணக்கு பாக்கறவங்க இருக்காங்க, புது சிஸ்டம் டிசைன் பண்றப்ப அது வேணும்தான், ஆனா குடியிருக்கற வீட்டுக்கு கேஸ் மீட்டர் சொல்ற சாட்சிய விட பெரிய சாட்சி இல்ல.

இப்ப போட்டோ. சுவத்துல மாட்டிருக்கற அந்த மேனிஃபோல்ட, அதாவது தண்ணிய தரைப் பைப்புகளுக்கு பிரிச்சு விடற அமைப்ப, பெருசாக்கி பாத்தேன். மேல ரெண்டு கண்ணாடிக் குழாய் இருக்குல்ல, உள்ள சின்ன சிவப்பு காட்டி, அதுதான் ஒவ்வொரு லூப்லயும், அதாவது தரைக்கடியில சுத்தி வர்ற ஒவ்வொரு பைப்புலயும், நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் தண்ணி ஓடுதுன்னு காட்டறது. முதல் லூப்ல 3ல நிக்குது. ரெண்டாவது லூப்ல பூஜ்யம். அசையவே இல்ல. பக்கத்துல ரெண்டு வட்ட மீட்டர், போற தண்ணி 42, திரும்பற தண்ணி 38. அப்ப உங்க தரைல பாதி வேலையே செய்யல! 3 லிட்டர் தண்ணி 4 டிகிரி சூட்ட விட்டுட்டு திரும்புதுன்னா அது குடுக்கறது சுமார் 840 வாட். 840ஐ அந்த 56ஆல வகுங்க, 15 வருது. வெளிய 4 டிகிரி, கூட 15, உள்ள 19. நீங்க எழுதினது என்ன, 19க்கு மேல ஏறலன்னு. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும், 100 கிலோவாட் பாய்லர் வச்சாலும் அந்த ரூம் 19லதான் நிக்கும்.

ரெண்டாவது லூப் ஏன் ஓடலன்னா, காரணம் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. மேனிஃபோல்ட் கீழ்ப்பக்கம் வெள்ளை மூடி மாதிரி வயர் தொங்கிட்டு இருக்கே அது ஆக்சுவேட்டர், ரூம் தெர்மோஸ்டாட் சூடு கேட்டா உள்ள இருக்கற மெழுகு உருகி விரிஞ்சு வால்வ தெறக்கும், அதுக்கு மூணு நாலு நிமிஷம் ஆகும், தெறந்திருந்தா மேல சின்ன ஜன்னல்ல ஒரு கலர் பட்டை எட்டிப்பாக்கும். அது எட்டிப்பாக்கலன்னா முதல்ல ஒயரிங் சென்டருக்கு (தெர்மோஸ்டாட், ஆக்சுவேட்டர் ஒயரெல்லாம் சேர்ற பெட்டி) போற கரண்ட்ட சுவிட்ச்ல ஆஃப் பண்ணிட்டு, அந்த மூடிய கையாலயே திருகி கழட்டுங்க. உள்ள ஒரு குட்டி பின் தெரியும். விரலால அமுக்கினா உள்ள போயி விட்டா தானா வெளிய வரணும். வராம உள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்தா வால்வ மூடியே வச்சிருக்குன்னு அர்த்தம், வெயில் காலம் முழுக்க அசையாம இருந்தா இப்படி ஆகும், பக்கவாட்டுல லேசா தட்டி, அமுக்கி அமுக்கி விட்டா பெரும்பாலும் வந்துடும். கொறடு வச்சு இழுக்காதீங்க, தண்ணி பீச்சும். பின் சரியா இருக்கு, ஆனா மாட்டினா ஜன்னல்ல பட்டை வரலன்னா ஆக்சுவேட்டர் போச்சு, இல்ல அதுக்கு வர்ற ஒயர் லூஸ், விலை ஒண்ணும் பெருசு இல்ல, கரண்ட் தெரிஞ்ச யாரும் மாத்தலாம்.

பின்னும் சரி, ஆக்சுவேட்டரும் சரி, ஆனாலும் பூஜ்யம்தான்னா லூப்புக்குள்ள காத்து மாட்டிருக்கு. நீளமான பைப்புல காத்து உக்காந்தா அந்த சின்ன பம்பால தள்ள முடியாது. மேனிஃபோல்ட் ரெண்டு முனைலயும் ஹோஸ் மாட்டற வால்வ் இருக்கும், மத்த லூப்ப மூடிட்டு இந்த ஒண்ண மட்டும் தெறந்து வச்சு மெயின்ஸ் தண்ணிய ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பக்கெட்டுல விடணும், குபுகுபுன்னு குமிழி வந்து நிக்கற வரைக்கும். முடிஞ்சதும் பாய்லர் ப்ரெஷர் ஆறின நிலைல 1.2 பார் கிட்ட இருக்கணும். இத மாட்டினவர வச்சே பண்ண வைங்க, அவரு அன்னைக்கே பண்ணிருக்க வேண்டிய வேலைதான் இது, கூடவே துருப்பிடிக்காம இருக்க ஊத்தற இன்ஹிபிட்டர் மருந்தும் திரும்ப ஊத்தணும், புது தண்ணி போனா பழைய மருந்து நீர்த்துடும்.

ரெண்டு லூப்பும் ஓட ஆரம்பிச்சதும் பேலன்ஸ் பண்ணணும், அதாவது ரெண்டுலயும் தண்ணி சமமா ஓட வைக்கணும். உங்க தரைல ஐலண்டும் கப்போர்டும் நிக்கற இடத்த கழிச்சா பைப் ஓடறது சுமார் 24 சதுர மீட்டர், 150 மில்லிமீட்டர் இடைவெளில 16 மில்லிமீட்டர் பைப்புன்னு ட்ராயிங்ல இருக்கு, ஆக மொத்தம் 160 மீட்டர், ஒரு லூப் 80. நல்ல அளவு, 100 மீட்டருக்கு மேல போனாத்தான் தகராறு. 1350 வாட்ட 7 டிகிரி வித்தியாசத்துல குடுக்கணும்னா மொத்தம் நிமிஷத்துக்கு 2.8 லிட்டர், லூப்புக்கு 1.4. அந்த கண்ணாடிக் குழாய்க்கு அடில இருக்கற வளையத்த திருப்பி ரெண்டையும் ஒன்றரை கிட்ட நிறுத்துங்க. ஒரு அரை நாள் ஓடவிட்டு போற தண்ணிக்கும் வர்ற தண்ணிக்கும் வித்தியாசம் பாருங்க, அஞ்சுலருந்து எட்டுக்குள்ள இருந்தா திருப்தி, தொடவே வேண்டாம். நேத்து 1.5 இன்னைக்கு 1.3ன்னு காட்டுதேன்னு தினம் திருகிக்கிட்டு இருக்காதீங்க.

கலவை வால்வு, அந்த நம்பர் போட்ட பெரிய கறுப்பு குமிழ், பாய்லர்லருந்து வர்ற சூடு தண்ணில தரைலருந்து திரும்பற தண்ணிய கலந்து அனுப்பறது, இப்ப 42 குடுக்குது, அது போதும். ஏன் போதும்னா உங்க மரத்தரை வழியா 1350 வாட் போக சராசரி தண்ணி 38 இருந்தா சரியா வருது, 42 போயி 35ல திரும்பும். இது மைனஸ் 3 அன்னைக்கு. சாதாரண நவம்பர் மார்ச்சுக்கு 36, 37 வச்சாலே ஓடும். "சூடு பத்தல"ன்னு யாராவது இத 55க்கு திருப்பினா எஞ்சினியர்டு வுட் கம்பெனிக்காரங்க போடற 27 டிகிரி வரம்ப தரை தாண்டிடும், பலகை சுருங்கி இடைவெளி விடும், வாரண்டியும் போகும். இது டைல்ஸ் தரையா இருந்தா மனுஷங்க உக்கார்ற இடத்துல 29 வரைக்கும் போகலாம், பாத்ரூம்ல 33.

இங்கதான் உங்க மாமியார் விஷயம். அவங்களுக்கு இத படிச்சு காட்டுங்க. மைனஸ் 3 வெளிய இருக்கற அன்னைக்கே உங்க தரை 26 கிட்டதான் இருக்கும், சாதாரண நாள்ல 23, 24. நம்ம பாதத்தோட தோல் அதவிட சூடா இருக்கும், அப்ப கால் வச்சா "சுடுது"ன்னு எப்படி தெரியும், ஜில்லுன்னு இல்லைங்கறது மட்டும்தான் தெரியும். ஊர்ல மொட்டைமாடில சித்திரை வெயில்ல நின்னவங்களுக்கு சூடான தரைன்னா அதுதான் ஞாபகம், பாவம். இந்த ஹீட்டிங்ல தரை சுட்டாதான் எங்கயோ தப்பு. கைல ஒரு சாதாரண ரூம் தெர்மாமீட்டர் வச்சு உக்காந்த உயரத்துல 21 காட்டுதா பாருங்க, அதான் பரீட்சை.

இனி பாய்லர். உங்க மாடலோட மேனுவல எடுத்து பாத்தேன், ஹீட்டிங்ல அது எவ்வளவு கம்மியா எரிய முடியும்னா 6 கிலோவாட், அதுக்கு கீழ அதால இறங்க முடியாது. இந்த வரிய யாரும் பாக்கறதே இல்ல, எல்லாரும் அட்டைல இருக்கற 35, 40ஐ பாக்கறாங்க, தரை ஹீட்டிங் வச்சிருக்கறவங்க முதல்ல பாக்க வேண்டியது மேனுவல்ல பின்பக்க டேபிள்ல குட்டி எழுத்துல இருக்கற அந்த மினிமம் அவுட்புட்டத்தான். வெளிய 8 டிகிரி இருக்கற ஒரு சாயங்காலம் உங்க கிச்சனுக்கு வேண்டியது 730 வாட். பாய்லர் குடுக்கறது 6000. மிச்ச 5 கிலோவாட்டுக்கு மேல எங்க போகும்? பாய்லருக்கும் கலவை வால்வுக்கும் நடுவுல இருக்கற பைப்புல ஒரு 10 லிட்டர் தண்ணி இருக்கும், கலவை வால்வு "எனக்கு போதும்"னு சூடான வாய மூடிக்குது, அந்த 10 லிட்டர் ஒன்றரை நிமிஷத்துக்குள்ள 10 டிகிரி ஏறிடுது, பாய்லர் செட் பண்ண அளவ தாண்டினதும் அணையுது, கொஞ்ச நேரம் காத்திருக்கு, தண்ணி ஆறுது, திரும்ப பத்துது. நீங்க பாக்கற ஆட்டம் இதான். ரெண்டாவது லூப் அடைச்சிருந்ததால இன்னும் மோசமா ஆடிருக்கு. 40 கிலோவாட் மாடல்கள்ல இந்த மினிமம் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும், குறையாது, அதாவது காசு குடுத்து பிரச்சனைய பெருசாக்கிக்கறது.

முழுசா நிறுத்த முடியுமான்னா இந்த பாய்லர வச்சுக்கிட்டு முடியாது, நிறைய குறைக்கலாம். நீங்களே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, முன்பக்கம் ரேடியேட்டர் படம் போட்ட குமிழ் 75ல இருக்குன்னு சொன்னீங்க, அத 55க்கு இறக்குங்க, குழாய் படம் போட்டத தொட வேண்டாம், அது வெந்நீர், 48, 50 இருந்தா சரி. 55க்கு ஒரு காரணம் இருக்கு. கேஸ் எரியும்போது நீராவி வரும், புகைக்குள்ள இருக்கற அந்த ஆவி திரும்ப தண்ணியா ஆகும்போது ஒளிஞ்சிருக்கற சூட்ட குடுக்கும், கண்டென்சிங் பாய்லர்னு பேரு வச்சதே அதுக்குத்தான், ஆனா பாய்லருக்கு திரும்பி வர்ற தண்ணி 55க்கு கீழ இருந்தாத்தான் அது ஆரம்பிக்கும், இன்னும் கீழ போகப்போக நல்லா நடக்கும். 75ல அனுப்பி 60, 65ல திரும்பினா அந்த சூடெல்லாம் ஆவியோடயே வெளிய போயிடும். இப்ப புதுசா முழு சிஸ்டம் போட்டா 55க்கு மேல வேண்டாத மாதிரி டிசைன் பண்ணணும்னு ரெகுலேஷனே சொல்லுது. கலவை வால்வுக்கும் இது ஒத்துவரும், அது குடுக்கற 42ஐ விட பத்து டிகிரியாவது கூட சூடா தண்ணி வந்தாத்தான் ஒழுங்கா கலக்கும்.

55க்கு இறக்கினா ரேடியேட்டர் சூடு குறையுமேன்னு கேப்பீங்க. குறையும், பாதியா குறையும். கடைல ரேடியேட்டர் மேல எழுதிருக்கற வாட் எல்லாம் சராசரி தண்ணி 70 இருக்கும்போதுக்கான கணக்கு, சராசரி 50 ஆனா அதுல 51 சதவீதம்தான் வரும். 1700 வாட் போட்ட டபுள் பேனல் 870 குடுக்கும். உங்க பெட்ரூம்களுக்கு அது போதும்னுதான் நினைக்கறேன், முன் ஹால்ல பே விண்டோக்கு கீழ இருக்கற சிங்கிள் பேனல் மட்டும் சந்தேகம். பயப்படாம இறக்கிட்டு மூணு நாள் பாருங்க, ஒரு ரூம் மட்டும் பின்தங்கினா அந்த ஒரு ரேடியேட்டர அதே நீளத்துல டபுளா மாத்துங்க, பாய்லர் மாத்தற காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது. எல்லா ரூமும் வந்துட்டா இன்னொரு வாரம் 52க்கு இறக்கிப் பாருங்க.

அடுத்தது இன்ஜினியர் பண்ணவேண்டியது. இன்ஸ்டாலர் மெனுல ஹீட்டிங்குக்கு மட்டும் அதிகபட்ச சக்திய தனியா குறைக்கலாம், ரேஞ்ச் ரேட்டிங்னு சொல்லுவோம், வெந்நீருக்கு 35 அப்படியே இருக்கும். கம்பெனிலருந்து வந்தபடியே ஹீட்டிங்கும் உச்சத்துல வச்சுட்டு போயிருப்பாரு, உங்களுக்கு வேண்டியது 8, அத 12ல வைக்க சொல்லுங்க. இதால அடி மட்டம் 6லருந்து குறையாது, ஆனா காலைல பத்தும்போதே தடதடன்னு முழு வேகத்துல கிளம்பி செட் பாயிண்ட்ட தாண்டி அணையற பழக்கம் போகும். மேல் மூடிய கழட்டறதோ கேஸ் வால்வ தொடறதோ கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்ல (கேஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவங்க பட்டியல்) பேரு இருக்கறவங்க மட்டும்தான், யூட்யூப் பாத்து உங்க வீட்டுக்காரர் ஸ்க்ரூட்ரைவர எடுத்தா புடுங்கி வைங்க. வர்றவரோட கார்டுக்கு பின்பக்கம் எந்தெந்த வேலைக்கு அவருக்கு அனுமதின்னு எழுதிருக்கும், திருப்பிப் பாக்கறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஒயரிங். கிச்சன் தெர்மோஸ்டாட் ஒயரிங் சென்டர்ல சொல்லும், அது பாய்லருக்கு வெறும் "பத்து, அணை"ன்னு மட்டும் சொல்லும், எவ்வளவு வேணும்னு சொல்லாது. உங்க பாய்லர்ல வெளிய மாட்டற டெம்பரேச்சர் சென்சருக்கு இடம் இருக்கு, 2018 ஏப்ரல்லருந்து இங்கிலாந்துல காம்பி மாட்டினா இந்த மாதிரி ஏதாவது ஒரு சிக்கன வசதி கூட போட்டே ஆகணும், உங்களுக்கு என்ன போட்டாருன்னு கேளுங்க. வடக்கு பாத்த சுவத்துல வெயில் படாத இடத்துல அந்த சென்சர் மாட்டினா வெளிய குளிருக்கு தகுந்த மாதிரி பாய்லரே தண்ணி சூட்ட ஏத்தி இறக்கிக்கும், 8 டிகிரி நாள்ல 55க்கு கீழயே ஓடும், ஆட்டமும் குறையும் கேஸும் குறையும்.

இன்னொரு சுலபமான வழி, கிச்சன தனியா கூப்பிட விடாதீங்க. மேல ரேடியேட்டர் ஸோனும் கிச்சனும் ஒரே நேரத்துல சூடு கேக்கற மாதிரி டைம் வச்சா 730 வாட் மூணு நாலு கிலோவாட் ஆயிடும், பாய்லர் நிதானமா எரியும். பெட்ரூம்ல எல்லா ரேடியேட்டர் தலையையும் 2ல வச்சு அடைச்சு வச்சிருக்கீங்க போல, அத கொஞ்சம் தெறந்து விடுங்க. இத்தனையும் பண்ணி மணிக்கு ஆறு தடவைக்கு மேல பத்தி அணைஞ்சா அப்ப ஒரு 50 லிட்டர் சின்ன டேங்க் ஒண்ண திரும்பற பைப்புல போடலாம். 10 லிட்டருக்கு பதிலா 60 லிட்டர் ஆனா அந்த ஒன்றரை நிமிஷம் எட்டு நிமிஷமாகும். இடமும் செலவும் ஆகும், அதனால இத கடைசில வைக்கறேன்.

நேரம் வைக்கற விஷயத்துல உங்க பழக்கத்த மாத்தியே ஆகணும். காலைல 6 டு 8, சாயங்காலம் 5 டு 10ன்னு போட்டிருக்கீங்க, அது ரேடியேட்டர் புத்தி. உங்க தரைல 65 மில்லிமீட்டர் சிமெண்ட் ஸ்க்ரீட் (பைப்ப மூடி போட்ட சிமெண்ட் பூச்சு), அந்த 24 சதுர மீட்டருக்கே மூணு டன் எடை, அத ஒரு டிகிரி ஏத்த 0.8 யூனிட்டுக்கு மேல வேணும். 18லருந்து 26க்கு ஏத்த ஏறக்குறைய 7 யூனிட், பைப் குடுக்கறது மணிக்கு ரெண்டு யூனிட்னா மூணரை மணி நேரம், அதுக்குள்ள நீங்க ஆபீஸ் கிளம்பிடுவீங்க, தரை அப்பதான் சூடாகி ஆளில்லாத ரூமுக்கு சூடு குடுத்துக்கிட்டு இருக்கும். பகல்ல 21, ராத்திரி 19, அதுக்கு மேல இறக்காதீங்க, காலைல 4 மணிக்கே 21க்கு ஏத்த சொல்லுங்க. ஒரு வாரம் ஊருக்கு போனா மட்டும் 15க்கு இறக்குங்க, திரும்பற அன்னைக்கு முந்தின நாளே ஆன் பண்ணிடுங்க.

மாட்டினவர்கிட்ட என்ன பேசறதுன்னு கேட்டிருந்தீங்க. சண்டை வேண்டாம், "ரெண்டாவது லூப் ஓடல, வந்து காத்து எடுத்து பேலன்ஸ் பண்ணி, ஹீட்டிங் அவுட்புட்ட 12க்கு குறைச்சு, சென்சர் மாட்டி, எல்லாத்தையும் பாய்லர் புக்ல இருக்கற பெஞ்ச்மார்க் பக்கத்துல எழுதிக் குடுங்க"ன்னு மெசேஜ்ல அனுப்புங்க, எழுத்துல இருக்கட்டும். மாட்டினவர் செஞ்ச வேலைய பதியற பக்கம் அது, காலியா இருந்தா பாய்லர் கம்பெனி வாரண்டிலயே வம்பு பண்ணுவாங்க. இன்னொரு பத்து பன்னெண்டு வருஷத்துல இந்த பாய்லருக்கு வயசானப்ப மாத்தற நேரம் வந்தா அன்னைக்கு மினிமம் 3 கிலோவாட்டோ அதுக்கு கீழயோ இறங்கற மாடலா கேளுங்க, இப்பவே அந்த மாதிரி நிறைய இருக்கு. அன்னைக்கு நீங்க கம்மி சூட்டு தண்ணிலயே நல்லா ஓடற ஹீட் பம்புக்கே போனாலும் 150 மில்லிமீட்டர் இடைவெளில போட்ட இந்த பைப் அப்படியே உதவும், அந்த ஒரு விஷயத்துல மாட்டினவர் நல்ல வேலைதான் பண்ணிருக்காரு.

கடைசியா மாடி பாத்ரூம்ல தரைக்கடியில இதே பைப் ஓட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். 4 சதுர மீட்டர் பாத்ரூம், பாத்டப்பும் கமோடும் போக தரை ரெண்டரை மீட்டர்தான் மிஞ்சும், அதுக்கு ஒரு தனி ஸோன் போட்டா இருநூறு சொச்சம் வாட்டுக்கு 6 கிலோவாட் பாய்லர் பத்தும், மேல சொன்ன ஆட்டம் முதல்லருந்து. டைல்ஸுக்கு அடில சதுர மீட்டருக்கு 150 வாட் எலக்ட்ரிக் மேட் போடுங்க, மொத்தமே 375 வாட்தான், காலைல ஒன்றரை மணி நேரம் டைமர்ல ஓடட்டும், ரூம சூடாக்க டவல் ரேடியேட்டர் இருக்கட்டும். பாத்ரூம் கரண்ட் வேலைங்கறதால ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கற சுவிட்ச்) இருக்கற சர்க்யூட்ல, ரெஜிஸ்டர் பண்ண எலக்ட்ரீஷியன் வச்சு, சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கிட்டு போடுங்க, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி ஒருதடவ பின்னாடி ஒருதடவ மேட்டோட ரெசிஸ்டன்ஸ் அளந்து எழுதிக் குடுக்க சொல்லுங்க, டைல்ஸ்காரர் கரண்டி பட்டு அறுந்திருந்தா அப்பவே தெரிஞ்சுடும்.